கணக்கில் வராத மாறி

எஸ்தர் இன்று காலை என் கம்பெனிச் சட்டையை வாளியில் முக்கியபோது அந்த வாசம் எழுந்தது. எரிந்த மணலும் சூடான இரும்பும் கலந்த வாசம். சோப்பு நுரையையும் மீறி அது தனியாக மூக்கில் ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். உன் சட்டையிலும் இதே வாசம்தான். ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் பஸ்ஸில் நீ துவைத்த சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் அது வரும்.

"இன்னாங்க, துன்னாம எழுந்துட்டீங்க?" என்றாள். பசிக்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பயங்களைப் பார்த்துப் பழகியவள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இன்னைக்கே பட்டினியா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைக் கும்ம ஆரம்பித்தாள்.

ஆமாம், நாளைக்குப் போக வேண்டும். நெஞ்சைப் படம் எடுத்து, குழாயில் ஊதச் சொல்லி, உன்னைக் கொண்டுபோன நோய் எனக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். நீ போனதிலிருந்து இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு தடவை காய்ச்சல் என்றேன், ஒரு தடவை லீவு கிடைக்கவில்லை என்றேன். இந்தத் தடவை எஸ்தரும் கூட வருகிறாள், தப்பிக்க வழியில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீ ஒருத்தன்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பாய்.

கணக்கு சின்னதுதான். நீயும் நானும் ஒரே வார்ப்படக் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே செக்‌ஷன். உருக்கி ஊற்றி ஆறிய வார்ப்புகளில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் சாணை வீலில் தேய்த்து எடுக்கும் வேலை. ஒரே ஷிஃப்ட், ஒரே தூசி, மூக்கில் ஒரே மாதிரித் துணி. உன் நெஞ்சுக்குள் போனதுதான் என் நெஞ்சுக்குள்ளும் போனது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு. அதுதானே சார்பு? அதைத்தானே இத்தனை வருடம் நாம் உட்கார்ந்து படித்தோம்?

சார்பு என்றாலே எனக்கு முதலிலிருந்து பயம்தான். பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் f(x) என்று எழுதிய அன்றைக்கே நான் அதற்கு ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. எக்ஸ் மட்டும் ஏன் அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று கேட்க வாய் வரவில்லை. நீயும் அப்படித்தானாம், ஆனால் நீ பயப்படாமல் ஃபெயிலானவன். பல வருடம் கழித்து ஒரு நாள் கேண்டீனில் வந்து, தபாலில் டிகிரி படிக்கலாம் வா, டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் வேலைக்குக் கேட்கலாம் என்றாய். எதில் சேர்வது என்று கேட்டதற்கு யோசிக்கவே இல்லை. "கணக்குதான் மச்சான். ஹிஸ்டரின்னா பக்கம் பக்கமா எழுதணும். கணக்குல எழுத்து கம்மி."

அந்த நம்பிக்கையோடு போனோம் திருவள்ளூருக்கு. ஞாயிறுதோறும் வகுப்பு. நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏறி வருவேன், பெரியபாளையத்தில் நீ பக்கத்து ஆரணியிலிருந்து வந்து காத்திருப்பாய். வகுப்பு ஆரம்பித்த புதிதில் ஒரு நாள், f(x) = 2x + 3 என்று பலகையில் இருந்ததைப் பார்த்து என் விலாவில் இடித்தாய். "மச்சான், f-அக் கண்டுபிடிச்சிட்டேன்டா. ரெண்டு பக்கமும் எக்ஸால வகுத்துட்டா முடிஞ்சுது." சத்தமாகவே சொன்னாய். வகுப்பு நடத்திய மேடம் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "f ஒரு எண் இல்லைங்க, அது ஒரு வேலை. எக்ஸை வாங்கி என்ன செய்யணும்னு சொல்ற வேலை. வேலையை வகுக்க முடியாது" என்றார். நீ தலையைச் சொறிந்துகொண்டாய். எனக்கோ, நானும் மனசுக்குள் அதே வகுத்தலைச் செய்து முடித்திருந்ததால் வியர்த்துவிட்டது.

புரியவைப்பதற்காக அவர் ஒரு மெஷின் படம் வரைந்தார். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் வரும், அதே பொருளைப் போட்டால் அதேதான் வரும். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. உனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்று, "மேடம், எங்க கம்பெனில ஒரே மாதிரி பீஸு ரெண்டு போட்டா ரெண்டு விதமா வருது. அப்ப அது சார்பு இல்லியா?" என்றாய். "அப்படி வந்தால் நீங்கள் கணக்கில் எடுக்காத இன்னொரு மாறி இருக்குன்னு அர்த்தம். வீல் தேய்ஞ்சிருக்கலாம். கை அழுத்தம் மாறியிருக்கலாம். அதையும் உள்ளீட்டில் சேருங்க, சார்பாயிடும்" என்றார். அன்றிலிருந்து உனக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பஸ் லேட்டானால் எந்த மாறி விட்டுப்போச்சு என்பாய். குழம்பில் உப்பு கூடினால் உன் பெண்டாட்டியிடமே அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

நமக்கு மனப்பாடம் வராது. கை வேலை செய்கிற ஆட்களுக்கு வாய் வேலை கஷ்டம். அதனால் ஒரு பழக்கம் வைத்தோம். பஸ் கிளம்பியதும் சார்பின் வரையறையை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். A என்னும் கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் B என்னும் கணத்தில் ஒரே ஓர் உறுப்பு மட்டும் தொடர்புபட்டிருந்தால் அந்த உறவு A-யிலிருந்து B-க்கு ஒரு சார்பு ஆகும். நடுவில் மூச்சு வாங்கினால் தோல்வி, தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். முன் சீட்டு அம்மா ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, மந்திரமா?" என்று கேட்டார். நீ, ஆமாம்மா, பாஸாவறதுக்கு என்றாய். வரையறைகள் நீண்டுகொண்டே போயின. ஒன்றுக்கு ஒன்று, மேல் சார்பு, எல்லை, தொடர்ச்சி. தொடர்ச்சியின் வரையறையை ஒரே மூச்சில் சொல்வது பெரிய காரியம். நீ சொல்வாய். எனக்குத்தான் பாதியில் நுரையீரல் காலியாகிவிடும், அதனால் எப்போதும் என் டீதான்.

நாம் டிகிரி முடித்து, விடாமல் மேல்படிப்புக்கும் சேர்ந்திருந்த சமயம். ஒரு ஞாயிறு பழைய ஞாபகத்துக்காக முதல் வரையறையைச் சொல்லிப் பார்க்கலாம் என்றாய். ஆரம்பித்தாய். 'B என்னும் கணத்தில்' என்ற இடத்தில் நின்றுவிட்டாய். வார்த்தை மறக்கவில்லை, காற்று இல்லை. தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன. பிறகு சிரித்தாய். "சளிடா" என்றாய். அதே வரி, அதே ஆள், வேறு வெளியீடு. டீ குடிக்க இறங்கி முதல் தடவையாக நீ காசு கொடுத்தபோது உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இவனுக்குள் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அது என்னவென்று நமக்குத் தெரியவில்லை என்ற எண்ணம்தான் அன்று முழுக்க.

உன்னை இழுத்துக்கொண்டு போனேன். முதலில் பார்த்த டாக்டர் படத்தைப் பார்த்துக் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் விழுங்கினாய். மூத்திரம் சிவப்பாகப் போனதே தவிர மூச்சு திரும்பவில்லை. ஒரு நாள் ஆரணியில் உன் வீட்டுக் கூடத்தில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு எனக்குப் பாடம் நடத்தினாய். "அவரு மேல தப்பு இல்ல மச்சான். படத்துல கீற நிழலு காசத்துக்கும் வரும், மணலுக்கும் வரும். ரெண்டு முன் உருவுக்கு ஒரே நிழல் உரு. ஒன்றுக்கு ஒன்று இல்ல. அப்ப நேர்மாறு எங்க கீது? வெளிய வந்தத வச்சிக்கினு உள்ள போனது இன்னான்னு அவரு எப்டி சொல்லுவாரு?" நான் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன், நீ உன் நோயை வைத்து எனக்கு நேர்மாறுச் சார்பு விளக்குகிறாய். அன்றைக்கு உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகுதான் வேறு ஆஸ்பத்திரியில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அதைக் கேட்டதும் விடை வந்துவிட்டது. மணல் தூசி நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கிக்கொண்டிருக்கிறது, படிந்ததை எடுக்க மருந்து இல்லை என்றார்கள். உன் பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வாசலுக்கு ஓடிப்போய் ஆழமாக மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தேன். உனக்காக அழுவதற்கு முன்னால் என் நெஞ்சைச் சோதித்துப் பார்த்தேன். பயம் மனுஷனை அப்படித்தான் ஆக்கி வைக்கிறது.

ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் கிடந்தபோதும் நீ புத்தகத்தை விடவில்லை. ஃபங்ஷனல் அனாலிசிஸ். மேல்படிப்புப் பாடம். நீதான் விளக்கினாய், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. "இதுவரிக்கும் ஒரு எண்ணப் போட்டா ஒரு எண்ணு வந்துச்சி. இங்க அப்டி இல்ல. ஒரு முழு சார்பையே, ஒரு முழு வளைகோட்டையே உள்ள போடணும். வெளிய வரது ஒரே ஒரு எண்ணு." பிறகு கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டாய். "அன்னன்னைக்கு எவ்ளோ தூசி துன்னோம்னு ஒரு கோடு போடு. இத்தினி வருசக் கோடு. அத்த முழுசாப் போட்டா இன்னா வரும்? நேத்து என்னக் குழாயில ஊதச் சொன்னாங்களே, அந்த எண்ணு. ஒரு நாளப் பாத்தா ஒண்ணும் தெரியாது மச்சான். அதான் ஏமாந்துட்டோம்."

நான் அடக்கமாட்டாமல் கேட்டேன். அப்படியானால் என் கோடும் அதே கோடுதானே? நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். நீ படுத்திருக்கிற நேரத்தில் என் உயிரைப் பற்றிக் கேட்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. நீ அதைப் பொருட்படுத்தவே இல்லை. "மாறி எல்லாம் ஒண்ணுன்னு யார்ரா சொன்னது? சின்ன வயசுல நான் பீடி குடிச்சேன், நீ குடிக்கல. எங்க அப்பாவுக்கு இளைப்பு இருந்துச்சி. இன்னும் எதுனா கீதான்னு பாக்கணும்." மூச்சு வாங்கினாய். "பயப்படு, வோணாம்னு சொல்லல. ஆனா பயந்துகினு சும்மா குந்தாத. எந்த மாறி விட்டுப்போச்சுன்னு பாரு."

அதற்குப் பிறகு நீ அதிகம் பேசவில்லை. பேச உன்னிடம் காற்று இல்லை. மேல்படிப்பின் கடைசிப் பரீட்சையை நான் தனியாகத்தான் எழுதினேன். பாஸ். சூப்பர்வைசர் வேலை இன்றுவரை வரவில்லை, அதே பெஞ்சில் அதே வீல்தான். ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும்போது மூச்சை எண்ணுகிறேன், எஸ்தர் திட்டுகிறாள். உன் பட்டியலை என்னால் முடிந்தமட்டும் நீட்டிப் பார்த்தேன். நீ கறி கம்மியாகச் சாப்பிடுவாய், நான் அதிகம். உன் வீடு ஆற்றோரம், என் வீடு ரயில்வே கேட் பக்கம். இதெல்லாம் மாறிகளா? எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள். இதை இத்தோடு நிறுத்துகிறேன். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

இரண்டு நாளாக இந்தக் காகிதத்தைத் தொடவில்லை. போய்விட்டு வந்துவிட்டேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

நெஞ்சைப் படம் எடுக்கும் அறையில் குளிர்ந்த பலகையில் மாரை அழுத்தி நின்றேன். குழாயில் ஊதச் சொன்ன நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் குடிங்க என்றார். பிறகு காத்திருந்தோம். எஸ்தர் ஜெபம் செய்துகொண்டிருந்தாள். நான் உன் பெண்டாட்டியின் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன், எஸ்தருக்கும் அந்த முகம் வந்துவிடுமோ என்று. பெயரைக் கூப்பிட்டார்கள். அவள்தான் கையைப் பிடித்து எழுப்பினாள்.

டாக்டர் அம்மா வயதானவர். படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஊதிய எண்ணையும் பார்த்தார். "இப்போதைக்குச் சுத்தமா இருக்கு" என்றார். எஸ்தர் அழுதுவிட்டாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வந்திருக்க வேண்டிய விடை வரவில்லை, அவ்வளவுதான் புரிந்தது. உன்னைப் பற்றிச் சொன்னேன். அதே வேலை, அதே வருடங்கள், அவன் போய்விட்டான் என்றேன். அவர் படத்தை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே இடத்திலா நின்னீங்க?"

"பக்கத்துப் பக்கத்து பெஞ்சு மேடம். நான் ஷட்டர் பக்கம். அவன் உள்ள, சுவர் பக்கம்."

சொல்லி முடித்தபோதுதான் எனக்குக் கேட்டது நான் என்ன சொன்னேன் என்று. "காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?" என்றார் அவர். ஷட்டரிலிருந்து. மதியத்துக்கு மேல் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல் காற்று நம் செக்‌ஷனுக்குள் நுழையும், உனக்குத் தெரியும். என் முதுகில் சில்லென்று படும். என் வீலிலிருந்து கிளம்பும் தூசியைத் தள்ளிக்கொண்டு போகும். எனக்கு முன்னால் அது நிற்காது, அதனால்தான் எனக்கு எப்போதும் காற்று சுத்தமாகத் தெரிந்தது. எங்கே போனது அந்தத் தூசி? உன்னிடம். உனக்குப் பின்னால் ஜன்னல்கூட இல்லாத சுவர். உன் தூசியோடு என் தூசியும் சேர்ந்து உன்னிடமே சுற்றியிருக்கிறது. என் வெளியீடு உனக்கு உள்ளீடு. ஒரு சார்பிலிருந்து வருவதை இன்னொரு சார்புக்குள் போடுவதை எத்தனை கணக்கில் நாம் செய்திருக்கிறோம். நீ தேடச் சொன்ன மாறி நான்தான். தினமும் உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

உனக்குத் தெரியவில்லைதானே? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். சித்திரை வெயிலில் ஒரு தடவை, நீ இந்தப் பக்கம் வா, காற்று வருகிறது, மாற்றிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். "வெளிச்சம் மூஞ்சில அடிக்குது மச்சான், எனக்கு ஒத்துக்காது. நீயே நில்லு" என்றாய். வெளிச்சத்துக்காகத்தான் அப்படிச் சொன்னாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். வேறு காரணம் இருந்திருந்தால் என்னால் தாங்க முடியாது. உன்னிடம் கேட்கவும் முடியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று எஸ்தர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சுத்தமாக இருப்பது எதனால் என்று அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

நேற்று வேலைக்குப் போனேன். உன் இடத்தில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தர் நிற்கிறார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சாப்பாட்டு வேளையில் போனில் அவர்களிடம் பேசிக்கொண்டே சாப்பிடுவார். நீ போனதிலிருந்து அவர்தான் அங்கே. நான் பெஞ்சில் பீஸை வைத்தேன், சுவிட்சில் கை வைத்தேன். காற்று முதுகில் பட்டது. இதுவரை என் நெஞ்சைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். இந்தப் பயம் அதைவிட மோசம். கையை எடுத்துவிட்டேன்.

சூப்பர்வைசரிடம் போனேன். நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை, உனக்கே தெரியும், போனஸ் கேட்கவே உன்னைத்தான் முன்னால் தள்ளுவேன். தூசியை இழுக்கிற குழாய் மாட்டும் வரைக்கும் உள் பெஞ்சில் ஆளை நிறுத்த வேண்டாம் சார் என்றேன். காற்று எப்படிப் போகிறது என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாய்யா பேஜாரு பண்ற? இத்தினி வருசம் நீயும் இங்கதான் நின்ன. ஆஸ்பத்திரிக்குப் போனியே, இன்னா சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லன்னாங்க சார்."

"அப்பறம் இன்னா? நீ நல்லாத்தானே கீற?"

"அதான் சார் பயமா கீது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மேனேஜர் வந்து பார்க்கும் வரைக்கும் என் வீலை ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். மேனேஜர் இன்னும் வரவில்லை, வேலை போனாலும் போகும். உள் பெஞ்சுக்காரர் தன் வீலை நிறுத்திவிட்டு, என்ன அண்ணா, மெஷின் ரிப்பேரா என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, சொல்கிறேன் என்று கூப்பிட்டேன். வந்து நின்றார்.